முகர்ந்து பார்க்காத பூ

மாட்டு டாக்டர் குனிந்து சாக்கிலிருந்து ஒரு கை செவந்திப்பூவை அள்ளினார். அள்ளியதை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்தார்.

"ஐயோ, சார்!" என்று என் வாயில் வந்துவிட்டது. பாதியிலேயே அடக்கிக்கொண்டேன். எதிரே எங்கள் மாடு செவலை நான்கு காலையும் நீட்டிப் படுத்திருக்கிறது, கடைவாயில் நுரை தள்ளுகிறது, உடம்பு முழுக்கத் தோல் துடிக்கிறது. இந்த நேரத்தில் நான் பூவுக்கு ஆசாரம் பார்க்கிறேன். புத்தி அப்படிப் பழகிப்போயிருக்கிறது.

டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பைக்கிலிருந்து இறங்கியவர் ஹெல்மெட்டை வேலிக்கல்லில் மாட்டிவிட்டு, முதலில் மாட்டின் கண்ணை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் கருமணி ஒரேயடியாகச் சுருங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சுற்றுமுற்றும் கண்ணை ஓட்டினார்.

"மருந்தடிச்ச பயிர் எதையாவது மேய்ஞ்சுதா?"

"எங்க நிலத்துல மருந்தே கிடையாது சார்," என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பதற்றத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "மூணு வருஷமா ஒரு சொட்டு கிடையாது. யூரியாகூடக் கிடையாது."

"அப்ப இந்தச் சாக்குல என்ன?"

"அது பூ சார்."

"பூன்னு தெரியுதுங்கய்யா. இதையா மாட்டுக்குப் போட்டீங்க?"

"ஆமா சார். அரளி ஒண்ணுகூட இல்ல. நானே உட்கார்ந்து பொறுக்கி எடுத்துட்டுத்தான் போட்டேன். அரளி மாட்டுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும் சார்."

டாக்டர் கையிலிருந்த பூவை அவரிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க."

அவர் வாங்கிக்கொண்டார். கை மார்புவரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போது மாடு நினைவில் இல்லை. அந்த மாட்டின் பாலைக் காலையில் ஒரு டம்ளர் நிறையக் குடித்துவிட்டு, ஸ்ரீரங்கத்து வீட்டில் எங்கள் மருமகள் ரேவதி படுத்திருந்தாள். நான்கு மாதமாக முழுகாமல் இருந்தாள். திருவெள்ளறையில் இந்த நிலம், இந்த மாடு, இந்தக் கீரைப் பாத்தி எல்லாமே அவள் வயிற்றில் இருந்த குழந்தை தங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பூக்காரர் வீட்டு வழக்கம்

சென்ற வாரம் நான் எழுதிய கல்யாணச் சத்திரத்துக் கதையைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதச் சொன்னவள் ரேவதிதான். "எழுதுங்க அத்தை. என் பேரைப் போட்டே எழுதுங்க," என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஸ்ரீரங்கத்தில் பூக்கடை. என் மாமனார் காலத்திலிருந்து அதே இடம். விடியும் முன்பே சாக்கு சாக்காகப் பூ வந்து இறங்கும். மல்லி, சம்பங்கி, செவந்தி, ரோஸ், அரளி, துளசி. வீட்டில் யார் என்ன படித்திருந்தாலும் முதலில் நார் பிடிக்கத் தெரிய வேண்டும். நான் பி.ஏ. படித்தவள். சரித்திரம். அந்தச் சரித்திரத்தை இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. முழம் போடத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

பூக்காரர் வீட்டில் சில வழக்கங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலானது, பூவை முகரக் கூடாது. சாமிக்குப் போகிற பூ. நாம் முகர்ந்துவிட்டால் அது எச்சில். வாசனை தானாக வந்து மூக்கில் ஏறினால் குற்றமில்லை, நாமாக மூக்கைப் பூவிடம் கொண்டுபோகக் கூடாது.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கூடை மல்லிகை மொட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பெண்தானே, ஆசையாக ஒரு மொட்டை எடுத்து மூக்கில் வைத்துவிட்டேன். என் மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. கூடையை அப்படியே தூக்கி என் மடியில் வைத்து, "இவ்வளவும் இனி உனக்குத்தான், தலையில வெச்சுக்க," என்றார். அன்று முழுக்க வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தப் பூவிடமும் மூக்கைக் கொண்டுபோனதில்லை.

இன்னொன்று, விற்காத பூவைக் குப்பையில் போடக் கூடாது. நாலு பேர் கால் பட்டுவிடும். அந்தக் காலத்தில் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுவோம். ஆற்றில் எதுவும் போடக் கூடாது என்று கெடுபிடி வந்த பிறகு, பூவெல்லாம் கொல்லைப்புறத்தில் சாக்குகளில் சேர ஆரம்பித்தது. மட்கி, ஒழுகி, கொசு மொய்த்து, அது ஒரு தீராத தலைவலி.

அப்புறம் புழு. மொட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்தச் சாக்கையே திருப்பி அனுப்பிவிடுவோம். கல்யாண வீட்டுக்காரர்கள் மாலையை விரித்து வைத்து ஒவ்வொரு பூவாகப் பார்க்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்? விளைவிக்கிறவரும் என்ன செய்வார்? பறிப்பதற்கு முந்தின சாயங்காலம்வரை மருந்தடிப்பார்.

இது எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. விரலிடுக்கில் தோல் உரியும், தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வோம். சாக்கை அவிழ்த்ததும் ஒரு நெடி முகத்தில் அடிக்கும். அதற்குச் சந்தை வாடை என்று பேர் வைத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி மல்லிகை வாசனை மேலே வந்துவிடும். பூவை யாரும் சாப்பிடப்போவதில்லை. அதனால் பூவையும் விஷத்தையும் சேர்த்து நினைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குத் தெரிந்த விஷப்பூ அரளி ஒன்றுதான்.

காரணம் தெரியவில்லை

என் மகன் கார்த்தி பூ வேண்டாம் என்று அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான். ரேவதி லால்குடிப் பெண். வந்த சில நாளிலேயே என்னைவிட வேகமாக மாலை கட்டக் கற்றுக்கொண்டாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் நறுக்கென்று இருக்கும்.

முதல் குழந்தை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. ஊர் உலகத்தில் நடப்பதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். இரண்டாவதும் போனபோது தேற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் கொடியில் புடவை உலர்த்தும்போது முகத்தைப் புடவைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அழுவாள். காய்ந்த பிறகும் அங்கேயே நிற்பாள். நான் பார்க்காததுபோல் உள்ளே போய்விடுவேன்.

தென்னூரில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். இருவருக்கும் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "காரணம் தெரியலைம்மா. சில பேருக்கு இப்படி ஆகுது," என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவர் காரணம் தேடுகிற மனிதர். பல்பு அணைந்தால்கூட ஏன் அணைந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பல்பு மாட்ட மாட்டார். ஒரு நாள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"வசந்தா, நாம சாப்பிடறது பூரா விஷம். அரிசியில விஷம், காயில விஷம், பால்ல விஷம். அந்தப் பொண்ணு வயித்துல எப்படி நிக்கும்?"

அன்றிலிருந்து வீடு இரண்டுபட்டது. சர்க்கரை டப்பா போயிற்று. மைதா போயிற்று. விருந்தாளி பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தால் அந்த பாக்கெட்டை விஷப்பாம்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். கல்யாண வீட்டுக்கு மாலை கொண்டுபோனால் பந்தியில் உட்கார மாட்டார். டிபன் கேரியரில் கேழ்வரகுக் களி எடுத்துப்போய், மணமேடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். "மாப்பிள்ளையோட தாத்தாவுக்கு என்ன வியாதி?" என்று என்னிடமே ஒருவர் விசாரித்தார்.

நான் சிரித்தேன், சண்டை போட்டேன், தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்காக எதையாவது செய்துகொண்டிருந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான். எங்களுக்கெல்லாம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மண்ணைப் போர்த்துகிற வேலை

திருவெள்ளறைப் பக்கம் அவருக்கு அம்மா வழியில் வந்த அரை ஏக்கர் கருவேலம் மண்டிக் கிடந்தது. கிணறு ஒன்று, பாதி தூர்ந்தது. கடையை என்னிடமும் வேலையாட்களிடமும் விட்டுவிட்டு அங்கேயே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார். ஏதோ பயிற்சி வகுப்புக்கெல்லாம் போய் வந்தார்.

அவர் சொன்ன விவசாயம் விநோதமாக இருந்தது. உழக் கூடாது. உழுதால் மண்ணில் இருக்கிற உயிரெல்லாம் செத்துப்போகும். கம்பு, சோளம், உளுந்து, எள், கொள்ளு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து விதைத்து, அது பூவெடுக்கும்போது மடக்கி மண்மேலேயே படுக்கவிட வேண்டும். எப்போதும் மண்மேல் ஏதாவது மூடாக்கு கிடக்க வேண்டும். வைக்கோல், இலை, சருகு, எதுவானாலும் சரி.

"மண்ணு அம்மணமா கிடக்கக் கூடாது வசந்தா. போர்த்திவிடணும்."

"எனக்கு ஒரு நல்ல போர்வை வாங்கித் தர இன்னைக்கு வரைக்கும் வழியில்ல. மண்ணுக்குப் போர்வையா?"

பக்கத்து நிலத்துக்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. கட்டாந்தரையாகக் கிடந்த மண் கறுத்து, பொலபொலவென்று ஆகியிருந்தது. வைக்கோலை விலக்கினால் மண்புழு நெளியும். அவர் அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, பேரனைக் காட்டுகிற மாதிரி எனக்குக் காட்டுவார். கேழ்வரகு வந்தது. கீரை வந்தது. வெண்டை வந்தது. சாணத்துக்காகவும் பாலுக்காகவும் செவலையை வாங்கினார், நாட்டு மாடு. இனி வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பிடி சோறு வாங்கப்போவதில்லை என்று சபதம் செய்தார். நான் பார்த்தவரையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

மூடாக்குக்கு வைக்கோல் போதவில்லை. எங்கள் கொல்லைப்புறத்திலோ சாக்கு சாக்காகப் பூ. இரண்டையும் இணைத்துப் பார்க்கப் பெரிய மூளை வேண்டாம். தினமும் காலையில் மொபெட்டில் பாலும் கீரையும் கொண்டுவருவார், திரும்பும்போது முந்தின நாள் விற்காத பூவைக் கட்டிக்கொண்டு போவார். அரளியைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கொஞ்சத்தை மாட்டுக்குக் காட்டுவார், மீதியை மண்மேல் பரப்புவார். கால் படாத இடத்தில் பூ போய்ச் சேர்கிறது என்று எனக்கும் நிம்மதிதான்.

கிணற்றோரம் இருந்த பாத்தியை ரேவதிக்கென்றே ஒதுக்கினார். அதற்கு வைக்கோலே கிடையாது, முழுக்கப் பூ. "சாமிக்குன்னு வந்த பூ. அதுல விளையறது அந்தப் பொண்ணுக்கு," என்பார். அந்தப் பாத்தியின் அரைக்கீரை மற்ற யாருக்கும் இல்லை.

மற்றப் பாத்திகளில் கீரை சல்லடையாக ஓட்டை விழுந்திருக்கும். பூச்சி தின்றால்தான் நல்ல கீரை என்று அதற்கும் பெருமைப்படுவார். ரேவதியின் பாத்தியில் மட்டும் இலைகள் முழுசாக, பளபளவென்று இருக்கும். அதை அவர் சாமியின் அருளாக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் நான் அந்தப் பாத்தியில் பூவை விலக்கிப் பார்த்தேன். மண்புழு ஒன்றுகூட இல்லை.

"இங்க மட்டும் ஏங்க புழுவே இல்ல?"

"பூ மட்கறப்போ சூடு ஜாஸ்தி. ஆறினதும் வந்துடும்."

எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிறவர் இதற்கும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது முறை ரேவதி உண்டானாள். மூன்றாம் மாதம் தாண்டிற்று. நான்காம் மாதம் முடியப்போகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. அவர் மட்டும் மொபெட் ஹாரனை வாசலில் இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பால் வந்துவிட்டது என்று மருமகளுக்கு அறிவிப்பு.

புதுப்பூ

அந்த வாரம் பெரிய கல்யாண ஆர்டர் ஒன்று இருந்தது. பூ வந்து இறங்கிய அன்றே பெண் வீட்டில் ஒரு சாவு, கல்யாணம் நின்றுவிட்டது. செவந்தியும் ரோஸுமாகச் சாக்குகள் அப்படியே கட்டுப் பிரிக்காமல் நின்றன. அன்று வேறு எங்கும் தேவையில்லை, சந்தையில் கேட்பாரில்லை.

வழக்கமாக நிலத்துக்குப் போவது வாடி வதங்கிய பூ. தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஒன்றிரண்டு நாள் கடையில் கிடந்தது. இது பறித்த மணம் மாறாத பூ. அவருக்கு ஒரே குஷி. இரண்டு நடையாகக் கொண்டுபோனார். சாயங்காலம் ஒரு கூடை நிறைய மாட்டுக்கு வைத்தார். காலையில் பால் கறக்கும்போது மாட்டின் வாயில் எச்சில் ஒழுகியதாம். வயிறு நிறையத் தின்ற மதர்ப்பு என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஒரு கூடையைக் காட்டிவிட்டுப் பாலோடு கிளம்பி வந்திருக்கிறார். வாசலில் இரண்டு முறை ஹாரன் அடித்தார். ரேவதி பாலைக் குடித்தாள்.

அவர் திரும்பிப் போனபோது மாடு நிற்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் போன் வந்தது. பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேரும்போது அது படுத்துவிட்டது. எனக்குப் பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த பூ மெல்ல மேலேறியது. கண்ணை மூடிக்கொண்டார். முகர்ந்தார். கண்ணைத் திறந்தபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

"சந்தை வாடை சார் இது. எப்பவும் அடிக்கறதுதான்."

"எப்பவுமா?"

"ஆமா சார். சாக்கை அவிழ்த்தா..."

பூவைக் கீழே போட அவரால் முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஊசிக்கு மேல் ஊசியாகப் போட்டார். என்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். செவலையின் மூச்சு களகளவென்று நீருக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. என் புடவையெல்லாம் அதன் எச்சில். வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிட்டது. நல்ல பசு. ஒரு நாள்கூட யாரையும் முட்டியதில்லை.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இன்னைக்குப் பால் கறந்தீங்களா?"

நான் செவலையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்களைத்தான். பாலை யாராவது குடிச்சாங்களா?"

"மருமக குடிச்சா சார். நாலு மாசம்," என்றேன்.

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கிணற்றோரப் பாத்தியைப் பார்த்தார். பச்சை இலைகளுக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாகப் பூ பரப்பியிருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"அந்தக் கீரையும் அவளுக்குத்தான் சார்."

அவர் சொன்ன ஒரே வாக்கியம்

தென்னூர் டாக்டரிடம் அன்றே அழைத்துப்போனோம். ஆட்டோவில் ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பால்ல என்ன அத்தை?" என்று கேட்டாள். மறைக்கவில்லை, சொன்னேன். அதன் பிறகு வழி முழுக்க ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆட்டோக்காரரிடம் "மெதுவாங்கண்ணா, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேனில் துடிப்பு இருந்தது. நல்லாத்தான் இருக்கு, பார்ப்போம், என்றார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில வாரம் ஓட்டினோம். அவள் பால் குடிக்கவில்லை, கீரை தொடவில்லை. எதைத் தட்டில் வைத்தாலும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள், குழந்தைக்காக.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் துடிப்பு நின்றுவிட்டது. ஆண் குழந்தை. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கார்த்தி டாக்டரை விடவில்லை. "அந்தப் பால்தானா டாக்டர்? கீரையா? சொல்லிடுங்க."

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது தம்பி. இதனால இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

அந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்குக் கிடைத்தது. இந்தப் பாலும் கீரையும் வருவதற்கு முன்பே இரண்டு குழந்தைகள் போயிருக்கின்றன, இதுவும் அப்படியே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் இன்னும் அந்த வாக்கியத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் இருக்கிறேன்.

கார்த்தி அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் கேட்க. "உங்க வைத்தியம் போதும்ப்பா." அதற்குப் பிறகு அவன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அவர் மேலும் வந்தது. கடையில் அடுக்கியிருந்த பூவின் மேலும் வந்தது. ஆனாலும் மறுநாளிலிருந்து கடையைத் திறந்தோம். வேறு தொழில் எங்களுக்குத் தெரியாது.

சாப்பாடு

ரேவதியை அவள் அம்மா லால்குடிக்கு அழைத்துப்போய்விட்டார். என் வீட்டுக்காரர் நிலத்துக்குப் போகவில்லை. கொட்டகையைப் பூட்டக்கூட இல்லை. வீட்டில் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

சாப்பாடுதான் பெரிய பாடாகிவிட்டது. நிலத்தில் விளைந்த கேழ்வரகு ஒரு மூட்டை இருந்தது. அதை எடுத்துக் கிண்டினேன், தொடவில்லை. வைக்கோல் போட்ட பக்கத்தில் விளைந்ததுதானே என்றேன், தலையை ஆட்டினார். அவர் மண்ணின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. சரி, கடையில் வாங்கி ஆக்கிப்போட்டால், கடைச் சாப்பாடு விஷம் என்று வருஷக்கணக்காகச் சொன்ன வாயை அவரால் திறக்க முடியவில்லை. தண்ணீர் குடிப்பார். நான் அழுது கத்தினால் ஒரு வாழைப்பழம். சட்டை தோளில் நிற்காமல் சரிந்து தொங்கியது. இப்படியே போனால் இந்த மனிதரையும் தூக்கிக்கொடுக்கப்போகிறேன் என்று பயந்துபோய் லால்குடிக்குப் போன் செய்தேன். சம்பந்தியம்மாவிடம் புலம்பினேன். ரேவதியைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை வியாபாரம் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைகிறேன், அடுப்பங்கரையில் குக்கர் சத்தம். ரேவதி நிற்கிறாள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். முகம் வற்றிப்போயிருந்தது. வழியில் வாங்கிய கடைப் பைகள் மேடையில் கிடந்தன. அரிசி, பருப்பு, கத்திரிக்காய், ஒரு பாக்கெட் பால்.

"ஏம்மா, சொல்லியிருந்தா கார்த்தி வந்திருப்பானே?"

"இருக்கட்டும் அத்தை. நீங்க தட்டு எடுத்து வைங்க."

சோற்றையும் சாம்பாரையும் அவளே எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவருக்கு முன்னால் தட்டை வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிடப் போனார்.

"உட்காருங்க மாமா. சாப்பிடுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இது எங்க வாங்குனதும்மா?"

"கடையில மாமா."

"எங்க விளைஞ்சதாம்?"

"தெரியாது மாமா. யாரு விளைய வெச்சாங்க, என்ன அடிச்சாங்க, ஒண்ணும் தெரியாது." அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். "எல்லாரும் இதைத்தான் சாப்பிடறாங்க. நாமளும் சாப்பிடலாம்."

அவர் கையைத் தட்டில் வைத்தார். பிசைந்தார். உருட்டினார். வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் அவரைத் தேற்றவில்லை. தன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து, அவர் பார்க்கும்படி வாயில் போட்டு, மென்று விழுங்கினாள். அவரும் விழுங்கினார்.